அந்தப் பிள்ளை வளர்ந்து வந்து பார்க்கும்

(இதழியல், காட்சித் தொடர்பியல் மாணவர்கள் முன் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

‘போரும் கேமராவும்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நான் போர்முனைக்குப் போனவன் இல்லை. போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களைப் படம் எடுத்திருக்கிறேன், மற்றவர்கள் எடுத்து வந்ததை எடிட் செய்திருக்கிறேன். அதனால் தலைப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். போரில் சிக்கிய பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும், நாலு பேர் உதவட்டும் என்ற நல்லெண்ணத்தோடு படம் எடுக்கிறோமே, அந்த வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

2006-ஆம் ஆண்டு இலங்கையில் மறுபடியும் சண்டை மூண்டது. தனுஷ்கோடிப் பக்கம் படகுகள் வந்தபடி இருந்தன. பல படகோட்டிகள் கரைவரைக்கும் வரமாட்டார்கள். கடலுக்குள் இருக்கும் மணல்திட்டில் ஆட்களை இறக்கிவிட்டு இருட்டோடு திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து நம் மீனவர்களோ கடற்படையோ கூட்டி வரவேண்டும். ஓர் உதவி அமைப்புக்காக ஏழு நிமிடப் படம் எடுக்கப் போன குழுவில் நான் இரண்டாவது கேமராமேன். காலை ஒன்பதரை மணி இருக்கும். வள்ளத்திலிருந்து ஒரு குடும்பம் இறங்கியது. ஆறேழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. கவுன் உப்புத்தண்ணீரில் நனைந்து காய்ந்து விறைத்துப்போயிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் லென்ஸை இழுத்து நேராக முகத்துக்குப் போனேன். ஃபோகஸ் நின்றது. கன்னத்தில் ஒட்டியிருந்த மணலைக் கரைத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அப்படி ஒரு ஷாட் அமைந்தால் உடம்பு சிலிர்க்கும். எனக்கும் சிலிர்த்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அப்போது ஃபிரேமுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. “தம்பி, பிள்ளைக்கு முதல்ல தண்ணி குடுங்கோ. பிறகு எடுங்கோ.” நான் கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்கவில்லை.

படத்தில் அந்த ஷாட் பதினோரு வினாடி இடம்பெற்றது. மேலே புல்லாங்குழல் இசை. நிதி நன்றாகவே திரண்டது என்று பிறகு சொன்னார்கள். துண்டறிக்கையின் அட்டையிலும் அந்த முகம்தான்.

பதினாறு வருஷம் கழித்து ஒரு மறுவாழ்வு முகாமில் பிள்ளைகளுக்குக் குறும்படப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். 2021 வரை நாம் அகதிகள் முகாம் என்றே சொல்லிவந்த இடங்களில் ஒன்று அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தார். ஃபோனைத் திறந்து அந்தப் பதினோரு வினாடியைக் காட்டினார். “இது நான்தான் அண்ணா” என்றார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. “இதின்ட முழு வீடியோ இருக்கா? நான் அழுதது எனக்குத் தெரியும். பக்கத்துல அம்மா நின்றவ. அவவைப் பார்க்கணும்.” இங்கே வந்து இரண்டு வருஷத்தில் அம்மா நோயில் போய்விட்டாராம். முகாம் குடும்ப அட்டையில் ஒட்டிய கட்டைவிரல் அளவுப் போட்டோ தவிர வேறு படம் கிடையாது.

அந்தக் காலத்து மினி டிவி டேப்பை நாங்கள் அழித்து அழித்து மூன்று நான்கு முறை பயன்படுத்துவோம். அந்தக் காலைப்பொழுதின் மேல் எப்போதோ ஒரு கல்லூரி ஆண்டு விழா பதிவாகிவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று முதல் எடிட் டேபிளில் உட்காரும்போதெல்லாம், திரையில் இருக்கிற பிள்ளை இருபத்தைந்து வயதில் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது எல்லாமே அந்தப் பார்வையிலிருந்துதான்.

பிள்ளையின் படத்தைக் காட்டி உதவி கேட்பது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். முதல் உலகப் போர் ஓய்ந்த பிறகும் நேச நாடுகள் கடல் முற்றுகையை விலக்காததால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியில் வாடினார்கள். 1919-இல் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, பட்டினியில் உருக்குலைந்த ஆஸ்திரியக் குழந்தையின் படத்தை அச்சிட்டு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கை அனுமதி இல்லை என்று கைது செய்து ஐந்து பவுன் அபராதம் விதித்தார்கள். எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுனைத் தன் பையிலிருந்து கொடுத்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டு மே மாதம் ‘சேவ் த சில்ரன்’ அமைப்பு பிறந்தது. இரண்டு வருஷத்தில் ரஷ்யப் பஞ்சத்தைப் படம் பிடிக்க வோல்கா கரைச் சாரதோவுக்கு ஒளிப்பதிவாளரை அனுப்பி, அந்தப் படத்தை பிரிட்டனில் திரையிட்டு நிதி சேர்த்தார்கள்.

அன்றைய லண்டன் மனநிலையில் ஆஸ்திரியப் பிள்ளை என்றால் எதிரியின் பிள்ளை. அதைக் கண்ணுக்கு நேரே நீட்டியது பெரிய துணிச்சல். அந்தப் படத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதே ஜெப்தான் 1923-இல் குழந்தைகள் உரிமைப் பிரகடனத்தை எழுதினார், அடுத்த ஆண்டு சர்வதேச சங்கம் அதை ஏற்றது. 1989-இல் ஐ.நா. உடன்படிக்கையாக அது வளர்ந்தபோது நம் வேலையைத் தொடும் இரண்டு பிரிவுகளும் சேர்ந்தன. தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்கவேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது 16-ஆம் பிரிவு. படத்தைக் கையிலெடுத்த பெண்மணி தொடங்கிவைத்த காரியம், படம் எடுப்பவனுக்குக் கடிவாளம் போடும் இடம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கடிவாளம் எங்கே இறுகவேண்டும் என்பதற்கு ஒரு முகத்தின் கதையைச் சொல்கிறேன். 1984, பெஷாவர் பக்கம் நாசிர் பாக் முகாம். கூடாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆப்கன் சிறுமியை ஸ்டீவ் மெக்கரி படம் எடுத்தார். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் அட்டையில் அது வந்தது. பச்சை விழிகள். உலகமே அந்தக் கண்களைப் பார்த்தது. பதினேழு வருஷம் உலகத்துக்கு அந்தச் சிறுமியின் பெயர் தெரியாது. 2002-இல் தேடிப் போய்க் கருவிழியை ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள். ஷர்பத் குலா அப்போதுதான் அந்த அட்டையை முதல்முறை பார்த்தார். 2016-இல் போலி அடையாள அட்டை வழக்கில் பாகிஸ்தானில் அவரைக் கைது செய்தார்கள். அந்தப் படத்தால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம் என்று பிறகு பேட்டியில் சொன்னார். 2021-இல் இத்தாலி அடைக்கலம் கொடுத்தது. கடைசியில் உதவியும் அந்த முகத்தால்தான் வந்தது என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்த முகத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் யார்? ஷர்பத் குலாவா?

இன்னொரு பிள்ளை. 2016 ஆகஸ்ட், சிரியாவின் அலெப்போ. குண்டு விழுந்த வீட்டிலிருந்து மீட்ட ஐந்து வயதுப் பையனை ஆம்புலன்ஸில் ஆரஞ்சு நிற இருக்கையில் உட்காரவைக்கிறார்கள். உடம்பெல்லாம் புழுதி. தலையைத் தடவுகிறான், கையில் ரத்தம் ஒட்டுகிறது, பார்க்கிறான், இருக்கையில் துடைக்கிறான். அழவில்லை. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவன் பெயரை இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. அதே தாக்குதலில் அவனுடைய அண்ணனும் அடிபட்டிருந்தான், சில நாளில் இறந்துபோனான். அண்ணன் முகம் உலகத்துக்குத் தெரியாது. மறு வருஷம் அந்தக் குடும்பம் அரசுத் தரப்பு ஊடகங்களில் தோன்றியது. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது என்று மகனின் முடியை வெட்டிப் பெயரையும் மாற்றிக் கூப்பிட்டதாக அப்பா சொன்னார். ஒரு தரப்பு அவன் முகத்தைக் குற்றச்சாட்டாகப் பிடித்தது, மறு தரப்பு அதே முகத்தை மறுப்பாகப் பிடித்தது. நடுவில் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெயரை மறைத்து வாழவேண்டிய நிலை.

இந்த இரண்டிலும் நேரம் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். ஒன்று ஒரு நிலைப்படம், மற்றது சில வினாடி. அவ்வளவு குறைந்த நேரத்தில் பார்க்கிற பிள்ளை அடிபட்ட பிள்ளையாக மட்டுமே தெரியும். கூடவே இருந்தால்தான் அவன் சேட்டைக்காரனா, பொய் சொல்வானா, எந்தப் பாட்டைப் பிடிக்கும் என்பதெல்லாம் தெரியவரும்.

அப்படி இருந்து எடுத்தவர் டென்மார்க்காரரான சைமன் லெரெங் வில்மோன்ட். ‘தூரத்து நாய்களின் குரைப்பு’ என்ற பொருள்படும் அவருடைய 2017-ஆம் ஆண்டுப் படம், கிழக்கு உக்ரைனில் போர்முனையை ஒட்டிய ஹ்னுடோவே கிராமத்தில் நடக்கிறது. 2022-க்கு முன்பே அங்கே சண்டை ஓயாமல் இருந்தது. பத்து வயதுப் பையன், அவனை வளர்க்கும் பாட்டி, இருவர்தான் படம். அக்கம்பக்கத்தார் ஊரைவிட்டுப் போகிறார்கள், பாட்டி போவதாக இல்லை. பையனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த சித்தி மகனும் ஒருநாள் போய்விடுகிறான். இயக்குநரே கேமராவைப் பிடித்துத் திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார். குண்டுச் சத்தம் கேட்கும்போது கேமரா குண்டைத் தேடி ஓடாது, பையன் முகத்தோடு நிற்கும். பயத்தைவிட என்னை அதிகம் உலுக்கியது வேறோர் இடம். பெரிய பையன் ஒருவன் கைத்துப்பாக்கி கொண்டுவருகிறான். பிள்ளைகள் தவளைகளைச் சுடப் போகிறார்கள். போர் பிள்ளைக்குள் எப்படி இறங்குகிறது என்பதை அந்த விளையாட்டில் பார்த்தேன். ஒரே நாள் வந்துபோகிற செய்திக் குழுவுக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

அவரே 2022-இல் லைசிசான்ஸ்க் நகரத்துக் குழந்தைகள் தங்குமிடத்தைப் பற்றி இன்னொரு படம் தந்தார். போரும் குடியும் குலைத்த வீடுகளின் பிள்ளைகள் அங்கே அதிகபட்சம் ஒன்பது மாதம் இருக்கலாம். அதற்குள் பெற்றோர் தேறி வரவேண்டும், இல்லையென்றால் வேறு வீடு. படம் வெளிவந்த சில வாரத்தில் முழுப் போர் தொடங்கியது. பிள்ளைகளை வேறிடம் கொண்டுபோனார்கள், ஜூலையில் அந்த நகரமே ரஷ்யப் படையின் கைக்குப் போனது.

இனி நான் உங்களிடம் முக்கியமாகப் பேச வந்த படம். ‘ஃபார் சாமா’, 2019. வாத் அல்-கதீப் என்ற பெண், அலெப்போவில் பொருளாதாரம் படிக்கப் போனவர், 2011 மாணவர் போராட்டத்தை மொபைலில் எடுக்க ஆரம்பித்தார். கேமரா கற்றுக்கொண்டார். நகரத்தின் கிழக்குப் பகுதியில் மருத்துவமனை நடத்திய ஹம்சா என்ற டாக்டரைக் காதலித்து மணந்தார். 2016 ஜனவரி 1-ஆம் தேதி சாமா பிறந்தாள். அந்த வருஷ மத்தியில் முற்றுகை இறுகியது, டிசம்பரில் குழந்தையோடும், பல நூறு மணி நேரக் காட்சிகளோடும் வெளியேறினார்கள். எட்வர்ட் வாட்ஸோடு சேர்ந்து அவற்றைப் படமாக்கினார். கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருது, பாஃப்டா விருது, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் வந்தன.

படம் முழுக்க அம்மா மகளிடம் பேசுகிறாள். உன்னை ஏன் இந்த ஊரில் பெற்றேன், ஏன் உன்னைத் தூக்கிக்கொண்டு முன்பே ஓடவில்லை என்று கணக்கு ஒப்புவிக்கிறாள். நான் சொன்னேனே, நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை என்று. இந்தப் படத்தை எடுத்தவளுக்கு அந்தப் பிள்ளை மடியிலேயே இருந்தது. அதனால் படத்தின் பார்வையே மாறிவிடுகிறது. புழுதி படிந்த இரண்டு பையன்கள் தங்கள் தம்பியை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். தம்பி பிழைக்கவில்லை. அந்த அண்ணன்மார் அழுவதைப் பார்க்க முடியாது. ஆனால் அதே படத்தில், எரிந்து கிடந்த பஸ்ஸுக்குப் பிள்ளைகள் கூடி வண்ணம் பூசுகிறார்கள். முற்றுகையில் எதுவும் கிடைக்காத நாளில் ஒருவர் மனைவிக்கு ஒற்றைப் பழம் வாங்கி வருகிறார், அந்தம்மாளின் சிரிப்பு வீட்டையே நிறைக்கிறது. சாமா வளர்ந்து பார்க்கும்போது பிணங்கள் மட்டும் இருந்தால் போதாது என்பது பெற்றவளுக்குத் தெரியும். தன்னைத் தூக்கி வைத்திருந்த மனிதர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதையும் அவள் பார்க்கவேண்டும் அல்லவா?

அந்தப் படத்தில் ஒரு பிரசவம் வரும். குண்டில் காயப்பட்ட நிறைமாதக் கர்ப்பிணிக்கு அவசர அறுவை. வெளியே எடுத்த சிசு சாம்பல் நிறத்தில் தொங்குகிறது. தலைகீழாய்ப் பிடித்துத் தட்டுகிறார்கள், முதுகைத் தேய்க்கிறார்கள். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கேமரா வெட்டாமல் பார்க்கிறது. கடைசியில் ஒரு சின்ன அழுகை. தாயும் பிழைத்தாள். அந்த ஷாட்டை ஐந்து வினாடி முன்னால் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடிட்டராக நான் பல இரவு யோசித்திருக்கிறேன். அது ஓர் இறந்த குழந்தையின் படமாக உலகம் சுற்றியிருக்கும்.

இங்கே ஒருவர் எழுந்து உக்ரைனின் மரியுபோல் நகரத்தைப் பற்றிக் கேட்டால் அது நியாயமான கேள்வி. 2022 மார்ச்சில் அங்கே எஞ்சியிருந்த சர்வதேசச் செய்தியாளர்கள் ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ம்ஸ்டிஸ்லாவ் செர்னோவ் குழு மட்டும்தான். அவர்கள் எடுத்த காட்சிகளில், பிள்ளையைப் பிழைக்கவைக்கப் போராடும் டாக்டரே ‘எடு, உலகம் பார்க்கட்டும்’ என்கிறார். மார்ச் 9-ஆம் தேதி மகப்பேறு மருத்துவமனையில் குண்டு விழுந்தது. காயப்பட்டு வந்த கர்ப்பிணிப் பெண்ணை நடிகை என்று ரஷ்யத் தரப்பு சொன்னது. அந்தக் காட்சிகள் கையில் இல்லையென்றால் பொய்தான் நின்றிருக்கும். ‘மரியுபோலில் 20 நாட்கள்’ 2024-இல் ஆஸ்கர் பெற்றது. அங்கே ஒப்புதல் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. சாட்சி சொல்லியே ஆகவேண்டும், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் எடுப்பது குண்டு விழும் நிமிடத்தை இல்லை. முகாமில், வரிசையில், பள்ளிக்கூடத் திண்ணையில் எடுக்கிறோம். நேரம் இருக்கிற இடத்தில் நேரமில்லை என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

ஒப்புதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அரிசி மூட்டையும் கேமராவும் ஒரே ஜீப்பில் வந்து இறங்குகின்றன. கையெழுத்துப் போடுங்கம்மா என்று காகிதத்தை நீட்டுகிறோம். போடாவிட்டால் பட்டியலில் பெயர் விட்டுப்போகுமோ என்று அந்தத் தாய் நினைப்பாள். நினைக்கத்தான் செய்வாள். நாம் ஆயிரம் தடவை அப்படியில்லை என்று சொன்னாலும் நம்பமாட்டாள், இதுவரை அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாமே எதையோ வாங்குவதற்காகவோ இழப்பதற்காகவோ இருந்தவை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சாமான் கொடுக்கும் நாளில் கேமராவைத் திறப்பதில்லை. வேறொரு நாள், கொடுக்க ஒன்றும் கையில் இல்லாமல் போவேன். தாயிடம் கேட்ட பிறகு பிள்ளையிடம் தனியாகக் கேட்பேன். பிள்ளை மாட்டேன் என்று வாயால் சொல்லாது. தலையைக் குனியும், அம்மாவின் சேலைக்குள் போகும், திடீரென்று பாத்ரூம் போகணும் என்னும். அதெல்லாம் மறுப்புதான். எடிட் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய்க் காட்டுவேன். ஒருமுறை ஒரு பையன், “நான் அழுற இடத்தை எடுத்துருங்க சார், ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க” என்றான். எடுத்துவிட்டேன். பணம் கொடுத்தவர்கள் வருத்தப்பட்டார்கள்.

நம் நாட்டில் இது வெறும் மனச்சாட்சி விஷயமும் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், ஆயுத மோதலிலோ உள்நாட்டுக் கலவரத்திலோ பாதிக்கப்பட்ட பிள்ளையையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் அடையாளம் தெரியும்படி வெளியிடக்கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. பிள்ளையின் நலனுக்கு என்று உரிய வாரியமோ குழுவோ எழுத்தில் அனுமதித்தால் மட்டும் விலக்கு. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் மணிப்பூர் நிவாரண முகாம்களிலிருந்து வந்த காட்சிகளில் முகம் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகளை நானே பார்த்தேன். நாளை செய்தி அறைக்குப் போகிற நீங்கள் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நடிப்புப் படம் எடுப்பவர்களுக்கும் இந்தக் கடன் உண்டு. நதீன் லபாக்கி ‘கஃபர்நாவும்’ படத்தில் நாயகனாக நடிக்கவைத்த பையன், சிரியாவின் தாராவிலிருந்து பெய்ரூட்டுக்கு ஓடிவந்த அகதி. 2018-இல் கான் விழா நடுவர் பரிசு வந்தது. அத்தோடு விடாமல் அந்தக் குடும்பம் நார்வேயில் குடியேறும்வரை கூட நின்றார்கள். படம் முடிந்த பிறகும் வேலை முடியவில்லை என்று நினைத்த குழு அது. எல்லாராலும் நார்வே வாங்கித்தர முடியாது. ஆனால் எடுத்ததில் ஒரு நகல் கொடுக்க முடியும். இப்போது எந்தப் படப்பிடிப்பு முடிந்தாலும் ரஷ்ஸ் முழுவதும் ஒரு பென் டிரைவில் அந்த வீட்டுக்குப் போகிறது.

முகாமில் பார்த்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் கொடுக்க ஒன்றும் இல்லை என்றே இருந்தேன். போன வருஷம் வீடு மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதில் 2006 படத்தின் எடிட் ஃபைல்கள். பதினோரு வினாடி ஷாட்டைத் திறந்தேன். முன்னும் பின்னும் நாலைந்து வினாடி கூடுதலாக ஏற்றிவைத்திருந்தார்கள். புல்லாங்குழலை அணைத்துவிட்டுக் கேட்டேன். “தம்பி, பிள்ளைக்கு முதல்ல தண்ணி குடுங்கோ” தெளிவாகக் கேட்டது. படத்தில் வெட்டியிருந்த இடத்துக்கு அடுத்த வினாடியில், இடப்பக்கமிருந்து ஒரு கை ஃபிரேமுக்குள் வருகிறது. சேலை முந்தானையால் பிள்ளையின் கன்னத்து மணலைத் துடைக்கிறது. பிள்ளை அழுகையை நிறுத்துகிறது. வெட்டியவன் நான் இல்லை. ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன்.

அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஃபோன் வந்தது. நிறையப் பேசவில்லை. “அண்ணா, அம்மாட காப்பு தெரியுது” என்றார்.